கப்பலில் ஏசி குளிரவில்லையா, ஹீட்டர் சூடாகவில்லையா: அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழி

"ஏசி வேலை செய்யவில்லை" என்று எஞ்சின் ரூமுக்குப் போன் வந்ததும் பலருடைய கை முதலில் குளிரூட்டும் கேஸ் சிலிண்டரைத்தான் தேடுகிறது. அந்த ஒரு வாக்கியத்துக்குள் பத்துப் பதினைந்து வெவ்வேறு பழுதுகள் ஒளிந்திருக்கின்றன. கேஸ் குறைவு அதில் ஒன்று மட்டுமே. நான் எப்போதும் பின்பற்றும் வரிசை இது: முதலில் காற்று, அடுத்து தண்ணீர், அப்புறம்தான் கேஸ். இந்த வரிசையை மாற்றினால் ஒரு பழுதுக்கு மேல் இன்னொரு பழுதை நாமே உண்டாக்கிவிடுவோம்.

வேலைக்கு வேண்டிய அளவு அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். சரக்குக் கப்பல்களில் ஏஎச்யூ என்று நாம் சொல்லும் மையக் காற்றலகு ஒன்று, சில சமயம் இரண்டு, இருக்கும். கேபின்களிலிருந்து திரும்பி வரும் காற்றும் வெளிக்காற்றும் டேம்பர் (காற்றின் அளவை மாற்றும் தகட்டுக் கதவு) வழியாக அங்கே கலக்கும். அந்தக் கலவை ஃபில்டர், குளிர்காலத்தில் காற்றைச் சூடாக்கும் ஸ்டீம் காயில், குளிர்க்காயில் எல்லாம் கடந்து, ஃபேன் தள்ளிவிட, டக்ட் வழியாகக் கேபின்களுக்குப் போகும். குளிர்க்காயிலுக்குள் கேஸ் சுமார் 5 டிகிரியில் கொதித்துக் காற்றின் வெப்பத்தை எடுக்கிறது. கம்ப்ரசர் அதை இழுத்து அழுத்துகிறது. கண்டென்சரில் கடல்நீரோ குளிர்விப்பு நன்னீரோ அந்த வெப்பத்தைக் கொண்டுபோகிறது. பெரிய பயணிகள் கப்பல்களில் கேஸுக்குப் பதில் சில்லரில் குளிர்ந்த தண்ணீர் கேபின் வரை போகும். ஆனாலும் தேடும் முறை பெரிதாக மாறாது.

முதலில், எது பழுதே இல்லை என்று தெரிந்திருக்க வேண்டும். குடியிருப்புப் பகுதி ஏசிக்கான ஐஎஸ்ஓ 7547 தரநிலை, வெளியே 35 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் இருக்கும்போது உள்ளே 27 டிகிரி, 50 சதவீதம் என்று கணக்குப் போடுகிறது. குளிர்காலத்துக்கு வெளியே மைனஸ் 20, உள்ளே 22 டிகிரி. ஆகஸ்டில் பாரசீக வளைகுடாவில் வெளியே 40 டிகிரியைத் தாண்டி, கடல்நீரும் 33, 34 டிகிரியில் இருக்கும்போது கேபினில் 28 டிகிரி என்றால் இயந்திரம் தன்னால் முடிந்ததைச் செய்கிறது என்று அர்த்தம். அதற்காக எதையும் திறக்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஏசி நன்றாக ஓடும் ஒரு நாளில் சக்ஷன் அழுத்தம் (கம்ப்ரசர் இழுக்கும் பக்கம்), டிஸ்சார்ஜ் அழுத்தம் (அது தள்ளும் பக்கம்), எண்ணெய் அழுத்தம், கடல்நீர் உள்ளே, வெளியே, காயிலுக்கு முன்னும் பின்னும் காற்றின் வெப்பம், மோட்டார் ஆம்பியர் இவ்வளவையும் எழுதி கம்ப்ரசர் பக்கத்திலேயே ஒட்டிவையுங்கள். பழுதான அன்று அந்த ஒரு தாள் கையேட்டைவிட அதிகமாக உதவும்.

எல்லாக் கேபினும் வெக்கை, ஆனால் கம்ப்ரசர் ஓடுகிறது

ஏஎச்யூ அறைக்குப் போங்கள், கம்ப்ரசர் பக்கம் இப்போது வேண்டாம். ஃபில்டரை உருவிப் பாருங்கள். நிலக்கரி, சிமெண்ட், தானியம் ஏற்றிய துறைமுகத்தில் இரண்டே நாளில் ஃபில்டர் கம்பளிபோல் ஆகிவிடும். அடுத்து வெளிக்காற்று டேம்பரின் நிலை. கைப்பிடி ஒரு பக்கம் இருக்கும், தகடு இன்னொரு பக்கம் இருக்கும். தண்டும் தகடும் பிணைந்த இடத்தில் துரு தின்று கைப்பிடி மட்டும் சுற்றுவதை நிறைய முறை பார்த்திருக்கிறேன். டார்ச் அடித்துத் தகட்டையே பாருங்கள். கடும் வெயிலில் வெளிக்காற்றைக் கொஞ்சம் குறைக்கலாம், ஆனால் முழுக்க மூடிவிடக் கூடாது. மூடினால் உள்ளே அழுத்தம் குறைந்து ஒவ்வொரு கதவிடுக்கிலும் சூடான காற்றை இழுக்கும், ஆட்களுக்கும் மூச்சு முட்டும். டேங்கர்களில் சரக்கு கையாளும்போது இது இன்னும் முக்கியம். அப்போது பகுதிச் சுழற்சியில் வைத்தாலும் குடியிருப்புக்குள் அழுத்தம் வெளியைவிடக் குறையவே கூடாது, இல்லையென்றால் சரக்கு ஆவி உள்ளே வந்துவிடும்.

ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா? நின்ற நிலையில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். உலர்துறையிலிருந்து வெளியே வந்ததும், மோட்டார் வயரிங்கைக் கழற்றி மாட்டியதும் ஃபேன் சுற்றும் திசையையும் பாருங்கள். சென்ட்ரிஃப்யூகல் ஃபேன் தலைகீழாகச் சுற்றினாலும் காற்று அதே பக்கம்தான் வரும், அளவு மட்டும் வெகுவாகக் குறைந்துவிடும். காற்று வருகிறதே என்று நம்பி மற்ற எல்லாவற்றையும் கழற்றிப்போட்டவர்கள் உண்டு.

அடுத்தது யாருக்கும் எளிதில் தோன்றாத இடம்: ஸ்டீம் காயில். வளைகுடாவில் ஒரு கப்பலில் நான் சேர்ந்தபோது கேபின்களில் 30 டிகிரி. எனக்கு முன் அந்த வாரத்திலேயே இரண்டு முறை கேஸ் ஏற்றியிருந்தார்கள். ஆர் 134ஏ என்ற கேஸில் ஓடும் அமைப்பு அது. சக்ஷன் 3.4 பார், டிஸ்சார்ஜ் 11.8 பார். இரண்டுமே அதிகம். கேஸ் குறைவாக இருந்தால் இரண்டும் இறங்கியிருக்க வேண்டும். அதனால் காற்றின் பாதையில் ஒவ்வொரு இடமாக வெப்பமானியை நுழைத்துப் பார்த்தோம். கலவை அறையில் 31 டிகிரி. குளிர்க்காயிலுக்குச் சற்று முன்னால் 38. நடுவில் இருந்தது ஸ்டீம் காயில் மட்டும்தான். ஃபிட்டர் அந்தக் காயிலின் வெளியேறும் குழாயில் கையுறையோடு கை வைத்தவர் சட்டென்று எடுத்துவிட்டார். "சார், இது கொதிக்குது." கண்ட்ரோல் வால்வு முழுக்க மூடிய நிலையைத்தான் காட்டியது. ஆனால் அதன் இருக்கை அரிபட்டு ஸ்டீம் கசிந்துகொண்டே இருந்தது. ஏசி மாதக்கணக்காக ஹீட்டரோடு மல்லுக்கட்டியிருக்கிறது. முன்னால் இருந்த கை வால்வை மூடினோம், சாயங்காலத்துக்குள் கேபின்கள் 26 டிகிரிக்கு வந்துவிட்டன. அதன் பிறகு, அநாவசியமாக ஏற்றிய கேஸைத் திரும்ப சிலிண்டருக்கு எடுக்க அரைநாள் ஆனது. கோடைக்கடலில் நுழையும்போது ஸ்டீம் கை வால்வை மூடி, வெளியேறும் குழாய் ஆறிவிட்டதா என்று தொட்டுப் பார்ப்பதை அன்றிலிருந்து நான் விட்டதில்லை.

காற்றுப் பக்கம் எல்லாம் சரி என்றால் இரண்டு கேஜ்களையும் சேர்த்துப் படியுங்கள். சக்ஷன் அதிகம், டிஸ்சார்ஜ் குறைவு என்றால் கம்ப்ரசரின் வால்வுத் தகடுகள் கசிகின்றன என்ற சந்தேகம் வர வேண்டும். நிறுத்தியதும் இரண்டு அழுத்தமும் வேகமாகச் சமமாகிவிட்டால் சந்தேகம் வலுக்கும். சில கம்ப்ரசர்களில் பாதி சிலிண்டர்கள் கேஸை அழுத்தாமல் சும்மா ஓடும் அன்லோட் நிலையிலேயே மாட்டிக்கொண்டிருக்கும். அன்லோடர் சொலினாய்டுக்கு மின்சாரம் வருகிறதா, எண்ணெய் அழுத்தம் போகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

ஹை பிரஷரில் டிரிப் ஆகிறது

முதலில் ஒரு வேண்டுகோள். ஹெச்.பி. கட்-அவுட்டை, அதாவது டிஸ்சார்ஜ் அழுத்தம் அளவு மீறினால் கம்ப்ரசரை டிரிப் செய்து நிறுத்தும் சுவிட்சை, ஜம்பர் வயர் போட்டுத் தவிர்த்துவிட்டு ஓட்டாதீர்கள், ஐந்து நிமிடத்துக்குக்கூட. கண்டென்சர் வெடிக்காமல் நிற்பதற்கு அதுவும் சேஃப்டி வால்வும்தான் காவல்.

ஆர் 134ஏ 40 டிகிரியில் திரவமாகும்போது கேஜ் சுமார் 9.2 பார் காட்டும், ஆர் 404ஏ என்றால் 17 பார் பக்கம். டிஸ்சார்ஜ் அழுத்தத்தைக் கேஜில் உள்ள வெப்ப அளவுகோலில் படித்து, கடல்நீர் வெளியேறும் வெப்பத்தோடு ஒப்பிடுங்கள். சுத்தமான கண்டென்சரில் இரண்டுக்கும் 5 டிகிரி போல இடைவெளி இருக்கும். அது பத்தைத் தாண்டிவிட்டால் வெப்பம் கடத்தவில்லை என்று பொருள். அப்போது கடல்நீர் உள்ளே, வெளியே வித்தியாசத்தையும் பாருங்கள். வழக்கத்தைவிட அதிகம் என்றால் தண்ணீர் போதவில்லை. வழக்கம்போல் அல்லது குறைவாக இருந்தால் தண்ணீர் வருகிறது, குழாய்களில் அழுக்குப் படிந்திருக்கிறது, அல்லது உள்ளே வேண்டாத காற்று இருக்கிறது.

தண்ணீர் போதவில்லை என்றால் கடல்நீரை வடிகட்டும் ஸ்ட்ரெய்னர்தான் முதல் குற்றவாளி. ஆழமில்லாத துறைமுகங்களில் சேறும் ஜெல்லி மீனும் பிளாஸ்டிக்கும் ஒரே இரவில் அடைத்துவிடும். கப்பல் காலியாக மேலே மிதக்கும்போது, கடல்நீர் உள்ளே வரும் பெட்டியான ஸீ செஸ்ட் காற்றையும் சேர்த்து இழுக்கும். கண்டென்சர் தண்ணீர் மூடியின் மேல் உள்ள வென்ட் காக்கைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று வரும். அதை வெளியேற்றினாலே அழுத்தம் இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம்.

அழுக்கு என்றால் மூடியைக் கழற்றி நைலான் பிரஷ் விட வேண்டும். இரும்புப் பிரஷ் வேண்டாம். மூடியைக் கழற்றியிருக்கும்போதே ஜிங்க் அனோடுகளை (குழாய்களுக்குப் பதிலாகத் தாமே அரிபடும் துத்தநாகக் கட்டிகளை) பாருங்கள். கூடவே, மூடிக்குள் தண்ணீரைப் போகவும் திரும்பவும் பிரிக்கும் தடுப்புச் சுவரின் கேஸ்கெட்டையும் பாருங்கள். அது அறுந்திருந்தால் தண்ணீர் குழாய்க்குள் போகாமலே குறுக்கு வழியில் வெளியே போய்விடும். எத்தனை முறை பிரஷ் விட்டாலும் அழுத்தம் இறங்காததற்கு இந்த இரண்டு மில்லிமீட்டர் ரப்பர் காரணமாக இருந்தது உண்டு.

உள்ளே காற்று கலந்திருக்கிறதா என்று ஊகிக்க வேண்டியதில்லை, சோதித்தே தெரிந்துகொள்ளலாம். கேஸ் முழுவதையும் கண்டென்சருக்குப் பம்ப்-டவுன் செய்து கம்ப்ரசரை நிறுத்துங்கள். தண்ணீரை மட்டும் ஓடவிடுங்கள். உள்ளே வரும் தண்ணீரும் வெளியேறும் தண்ணீரும் ஒரே வெப்பத்துக்கு வரும் வரை காத்திருங்கள். தண்ணீர் 30 டிகிரி என்றால் ஆர் 134ஏ கேஜில் சுமார் 6.7 பார் காட்ட வேண்டும். எட்டு காட்டினால் மிச்சம் காற்று. அதை ரெகவரி யூனிட் வைத்து முறையாக எடுக்க வேண்டும், வானத்தில் திறந்துவிடக் கூடாது. இந்தச் சோதனையில் அழுத்தம் சரியாக வந்து, குழாய்களும் சுத்தமாக இருந்து, ஓடும்போது மட்டும் ஏறுகிறதென்றால், யாரோ கேஸை அளவுக்கு மேல் ஏற்றியிருக்கிறார்கள்.

லோ பிரஷரில் டிரிப் ஆகிறது

இங்கேதான் கேஸ் சிலிண்டர் மிகவும் ஆசை காட்டும். பொறுங்கள். ஆர் 134ஏ 5 டிகிரியில் கொதித்தால் சக்ஷன் கேஜ் 2.5 பார் காட்டும். அதிலிருந்து கீழே விழுகிறதென்றால் காயிலுக்குப் போதிய திரவம் போகவில்லை, அல்லது திரவத்தைக் கொதிக்கவைக்கப் போதிய சூடான காற்று வரவில்லை. இரண்டாவதை முதலில் பாருங்கள்: அடைத்த ஃபில்டர், அறுந்த பெல்ட், பனி மூடிய காயில். காயில் பனி மூடியிருந்தால் கம்ப்ரசரை நிறுத்திவிட்டு ஃபேனை மட்டும் ஓட்டுங்கள், உருகிவிடும். கத்தியும் சுத்தியும் வேண்டாம்.

காற்று சரி என்றால் திரவக் குழாயைக் கையால் பின்தொடருங்கள். கண்டென்சரிலிருந்து, குளிர்க்காயிலுக்குள் திரவத்தை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வு வரை குழாய் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். எங்கே சட்டென்று ஜில்லென்று ஆகிறதோ அங்கேதான் அடைப்பு. பெரும்பாலும் அது, கேஸிலுள்ள அழுக்கையும் ஈரத்தையும் பிடிக்கும் ஃபில்டர் டிரையர். ஒரு கையை டிரையருக்கு முன்னும் மற்றக் கையைப் பின்னும் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் அதன் உள்ளே இருக்கும் வடிகட்டிக் கட்டியை (கோர்) மாற்றும் நேரம் வந்துவிட்டது. சொலினாய்டு வால்வின் காயில் எரிந்திருந்தால் அது சூடே இல்லாமல் கிடக்கும். ஸ்குரூ டிரைவர் முனையை மேலே வைத்தால் காந்த இழுப்பும் தெரியாது. எக்ஸ்பான்ஷன் வால்வின் பல்பில் (சக்ஷன் குழாயில் கட்டிய வெப்ப உணரியில்) உள்ள கேஸ் கசிந்துவிட்டால் வால்வு மூடியே கிடக்கும். பல்பைக் கழற்றி உள்ளங்கையில் பிடித்துச் சூடாக்கியும் சக்ஷன் ஏறவில்லை என்றால் அந்த வால்வின் தலைப்பகுதியை மாற்றியாக வேண்டும்.

திரவக் குழாயில் உள்ள கண்ணாடிச் சன்னலான சைட் கிளாஸில் குமிழி தெரிந்தால் உடனே கேஸ் குறைவு என்று முடிவுகட்டாதீர்கள். டிரையர் அடைத்தாலும் அதற்குப் பின் உள்ள கிளாஸில் குமிழி வரும், லோடு குறைவாக இருந்தாலும் வரும். சைட் கிளாஸ் நடுவில் உள்ள வண்ணப் புள்ளி பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறியிருந்தால் உள்ளே ஈரம் புகுந்திருக்கிறது. அந்த ஈரம்தான் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனிக்கட்டியாகி, நிறுத்தினால் உருகி, ஓட்டினால் மறுபடி அடைத்து, வந்து வந்து போகும் பழுதாக உங்களை அலைக்கழிக்கும்.

குளிர்ந்த கடலில் வரும் லோ பிரஷர் டிரிப் தனி ரகம். கடல்நீர் 10 டிகிரி இருக்கும்போது முழு வேகத்தில் கண்டென்சருக்கு விட்டால் டிஸ்சார்ஜ் அழுத்தம் மிகவும் இறங்கிவிடும். எக்ஸ்பான்ஷன் வால்வு வழியாகத் திரவத்தைத் தள்ளப் போதிய அழுத்த வித்தியாசம் இருக்காது, காயில் பட்டினி கிடக்கும். கேஸ் சரியாகவே இருக்கிறது. தண்ணீர் வெளியேறும் வால்வைச் சற்று மூடி டிஸ்சார்ஜை ஏற்றினால் போதும். இந்த நிலையில் கேஸ் ஏற்றியவர்கள் அடுத்த வெப்பக் கடலில் ஹை பிரஷரில் மாட்டிக்கொள்வார்கள்.

எண்ணெய் அழுத்த டிரிப், கம்ப்ரசரில் தட்டும் சத்தம், சக்ஷன் பக்கம் பனி

இந்த மூன்றும் பெரும்பாலும் ஒரே கதை: கேஸ் ஆவியாகாமல் திரவமாகவே கம்ப்ரசருக்குத் திரும்புகிறது. திரவத்தை அழுத்த முடியாது. வால்வுத் தகடு உடையும், கனெக்டிங் ராடும் போகலாம். தட்டும் சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள்.

பல்ப் சக்ஷன் குழாயை விட்டு விலகியிருக்கிறதா, அதன் மேல் உள்ள இன்சுலேஷன் அவிழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அது அறையின் சூட்டைப் படித்துக்கொண்டு வால்வை அகலமாகத் திறந்துவைக்கும். கிளாம்ப்பை இறுக்கி, மேலே நன்றாகச் சுற்றுங்கள். சூப்பர்ஹீட் (கேஸ் முழுக்க ஆவியான பிறகு கூடுதலாக ஏறும் வெப்பம்) 5 முதல் 8 டிகிரிக்குள் வர வேண்டும். நீண்ட நாள் நின்ற கம்ப்ரசரைக் கிளப்பியதும், அதன் அடியில் எண்ணெய் நிற்கும் கிராங்க்கேஸின் கிளாஸில் எண்ணெய் பொங்கி நுரைத்தால், நின்றிருந்தபோது கிராங்க்கேஸ் ஹீட்டர் எரியவில்லை. கேஸ் எண்ணெய்க்குள் கரைந்திருக்கிறது. கிளப்புவதற்கு முந்தைய இரவே ஹீட்டரைப் போட்டுவிடுங்கள். நுரை இல்லை, எண்ணெய் மட்டமும் சரி, ஆனாலும் அழுத்தம் இல்லை என்றால் எண்ணெய் ஃபில்டரும் பம்பும்தான்.

ஒரு கேபின் மட்டும் வெக்கை

ஏசியைத் தொடவே வேண்டாம். ஒரு டிஷ்யூ பேப்பரைக் காற்று வரும் திறப்பில் பிடியுங்கள். அசையவில்லை என்றால் டக்டில் எங்கோ மூடியிருக்கிறது. முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "கடைசியாக ஃபயர் டிரில் எப்போது?" என்பதுதான். டிரில்லில் மூடிய ஃபயர் டேம்பரை (தீ பரவாமல் டக்டை அடைக்கும் தகட்டை) மறுபடி திறக்க மறந்தால் ஒரு தளத்தில் நாலைந்து கேபின்கள் சேர்ந்து வேகும். சூட்டில் உருகும் அதன் உலோக இணைப்பு உருகி, டேம்பர் தானாக மூடியிருந்தால் ஏன் உருகியது என்று கண்டுபிடிக்காமல் புதியது போடாதீர்கள். பக்கத்துக் கேபின்காரர் தன் திறப்பை மூடியதாலோ, யாராவது போர்வையைச் செருகியதாலோ காற்றின் சமநிலை மாறுவதும் உண்டு. கேபினிலேயே மின் ரீஹீட்டர் இருந்தால் அதன் கான்டாக்டர் (மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒட்டிக்கொண்டு ஓயாமல் சூடேற்றும், ஆம்பியர் கிளாம்ப் வைத்தால் தெரிந்துவிடும்.

சீலிங்கில் தண்ணீர் சொட்டுகிறது, காற்றில் வாடை

குளிர்க்காயிலில் வடியும் தண்ணீர் தட்டில் சேர்ந்து யு-டிராப் (எப்போதும் தண்ணீர் நிற்கும் யு வடிவக் குழாய்) வழியாக வெளியே போக வேண்டும். காயில் ஃபேனின் இழுக்கும் பக்கம் இருந்தால் தட்டில் அழுத்தம் வெளியைவிடக் குறைவாக இருக்கும். டிராப்பில் தண்ணீர் வறண்டுவிட்டால் வெளிக்காற்று குழாய் வழியாக மேலே வந்து வடிநீரைத் தடுத்துவிடும், தட்டு நிரம்பி வழியும். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி டிராப்பை நிரப்பினால் பாதிப் புகார்கள் அங்கேயே முடியும். மீதி, கப்பல் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதால் வடிகால் இல்லாத மூலையில் தேங்குவது. டக்டின் இன்சுலேஷன் கிழிந்த இடத்தில் ஈரக்காற்று பட்டு வியர்ப்பதும் சொட்டும். அதற்கு டேப் போதும்.

தேங்கிய தண்ணீர்தான் வாடைக்கும் காரணம். லெஜியனெல்லா கிருமி வளர்வதும் அப்படிப்பட்ட வெதுவெதுப்பான தேங்கலில்தான். தட்டை மாதம் ஒருமுறை கிருமிநாசினி போட்டுக் கழுவுவது ஆட்களின் நுரையீரலுக்குச் செய்யும் வேலை, அதைத் தள்ளிப்போடாதீர்கள். புகை வாடை என்றால் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது, புகைபோக்கி எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

குளிர்க்கடலில் கேபின் சூடாகவில்லை

ஸ்டீம் காயிலுக்குள் தண்ணீர் தேங்கினால் சூடு வராது. ஸ்டீமைப் பிடித்துவைத்துத் தண்ணீரை மட்டும் வெளியேற்றும் ஸ்டீம் டிராப்பின் இரு பக்கத்தையும் அகச்சிவப்பு வெப்பமானியால் பாருங்கள். முன்பக்கம் கொதித்து, பின்பக்கம் ஆறியிருந்தால் டிராப் அடைத்திருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கொதித்தால் டிராப் திறந்தே கிடக்கிறது, ஸ்டீம் வீணாகிறது. இரண்டும் ஆறியிருந்தால் ஸ்டீமே வரவில்லை. மேலே உள்ள வால்வையும் ஸ்ட்ரெய்னரையும் பாருங்கள். பருவத்தில் முதல்முறை திறக்கும்போது வடிகாலைத் திறந்துவைத்துவிட்டு வால்வை மெதுவாகத் திருப்புங்கள். அவசரப்பட்டால் குழாய்க்குள் தண்ணீர் மோதி சம்மட்டியால் அடிப்பதுபோல் சத்தம் வரும், ஃபிளேஞ்ச் கிழியும்.

பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும்போது வேறொரு ஆபத்து. டிராப் அடைத்து காயிலில் தேங்கிய தண்ணீர் உறைந்து குழாயையே பிளக்கும். அதைத் தடுக்கத்தான் ஃப்ராஸ்ட் தெர்மோஸ்டாட் ஃபேனை நிறுத்துகிறது. ஃபேன் அடிக்கடி நிற்கிறதே என்று அதை பைபாஸ் செய்யாதீர்கள், டிராப்பைச் சரிசெய்யுங்கள். மின் ஹீட்டர் உள்ள கப்பல்களில் ஃபேன் ஓடுவதை உறுதிப்படுத்தும் இண்டர்லாக்கும், அதிக சூட்டில் அறுக்கும் தெர்மோஸ்டாட்டும்தான் முதலில் பார்க்க வேண்டியவை.

தொண்டை வறட்சி, கதவுப் பிடியைத் தொட்டால் ஷாக் என்று புகார் வந்தால் ஈரமூட்டி வேலை செய்யவில்லை. ஸ்டீம் தெளிக்கும் துளைகளில் சுண்ணாம்புப் படிவு இருக்கும், சுத்தம் செய்யுங்கள்.

உண்மையாகவே கேஸ் குறைவு என்றால்

காற்று சரி, தண்ணீர் சரி, டிரையர் சரி, சக்ஷனும் டிஸ்சார்ஜும் இரண்டுமே இறங்கியிருக்கின்றன, கண்டென்சர் மட்டம் குறைவு. இப்போது சிலிண்டரை எடுக்கலாம். ஆனால் அதற்கு முன் கசிவைக் கண்டுபிடியுங்கள். மூடிய அமைப்பில் கேஸ் தானாகத் தீர்ந்துபோகாது. சோப்பு நுரையோடு ஷாஃப்ட் சீல், வால்வுக் கிளாண்டுகள், ஃபிளேர் இணைப்புகள் எல்லாம் பாருங்கள். எண்ணெய் பிசுபிசுப்பு தெரியும் இடமே நல்ல துப்பு. எங்கும் இல்லையென்றால் கண்டென்சரின் தண்ணீர்ப் பக்க வென்ட்டில் டிடெக்டரை வையுங்கள், குழாய் ஓட்டை வழியாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கலாம். அழுத்தச் சோதனைக்கு உலர்ந்த நைட்ரஜன் மட்டும், ஆக்சிஜன் ஒருபோதும் வேண்டாம். இந்தக் கேஸ் காற்றைவிடக் கனமானது, தாழ்வான இடத்தில் தேங்கி மூச்சடைக்கவைக்கும், அதனால் வென்டிலேஷன் ஓடட்டும்.

ஆர் 407சி, ஆர் 404ஏ போன்ற கலவைகளைத் திரவ நிலையிலேயே ஏற்ற வேண்டும், இல்லையென்றால் கலவையின் விகிதம் மாறிவிடும். அந்தத் திரவம் நேராகக் கம்ப்ரசருக்குள் போய்விடக் கூடாது, சார்ஜிங் வால்வு வழியாகத் திரவக் குழாய்க்குப் போக வேண்டும். ஓசோனைக் கெடுக்கும் ஆர் 22 இன்னும் ஓடும் பழைய கப்பல் என்றால், கப்பல் மாசுத் தடுப்பு ஒப்பந்தமான மார்போலின் இணைப்பு 6, விதி 12 பொருந்தும். வேண்டுமென்றே வெளியே விடுவது தடை, ஏற்றியதும் இறக்கியதும் ஓசோன் பொருள் பதிவேட்டில் ஏற வேண்டும். 2020 ஜனவரி 1 முதல் அத்தகைய கேஸோடு புதிய அமைப்பு பொருத்தவும் முடியாது.

சிலிண்டரைத் தராசில் வைத்துவிட்டு ஏற்றுங்கள். இரண்டு கிலோ ஏற்றியதும் நிறுத்தி, கால் மணி நேரம் ஓடவிட்டு, நல்ல நாளில் எழுதி ஒட்டிய தாளோடு எண்களை ஒப்பிடுங்கள். அந்த எண்கள் வந்ததும் சிலிண்டரை மூடுங்கள், சைட் கிளாஸில் ஒன்றிரண்டு குமிழி மிச்சம் இருந்தாலும் சரி. எவ்வளவு ஏற்றினீர்கள், எந்த இணைப்பை இறுக்கினீர்கள் என்று லாக்கில் எழுதிவிட்டு, மறுநாள் காலை அதே இணைப்பில் ஒருமுறை சோப்பு நுரை தடவிப் பாருங்கள்.